பாமினியில் கிடக்கும் பெயர்கள்

கேள்வி:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. காங்கேசன்துறையில் ஒரு சனசமூக நிலையத்துக்கு இப்போது செயலாளராக இருக்கிறேன். 1990 இல் ஊரை விட்டு வெளிக்கிட்ட பிறகு எங்கள் சனம் மல்லாகம், சுன்னாகம், மானிப்பாய் என்று சிதறிப் போயிருந்த காலத்தில், எனக்கு முதல் செயலாளராக இருந்தவர் ஒவ்வொரு குடும்பமாகத் தேடிப்போய் விபரம் திரட்டி வைத்தார். குடும்பத் தலைவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், காணியின் பெயர், எத்தனை பரப்பு, உறுதி இலக்கம், நாலு பக்க எல்லைக்காரரின் பெயர்கள் எல்லாம் அதில் உண்டு. நிலையத்தின் பழைய கூட்டக் குறிப்புகளும் உண்டு. 2005 அளவில் ஒரு கொமினிகேஷன் கடையில் கொடுத்து ரைப் பண்ணி, சீடியில் போட்டு வைத்திருந்தார். அவர் காலமாகிவிட்டார். சீடியை அவருடைய மகள் என்னிடம் தந்தார்.

எங்களிடம் உள்ள லப்ரொப்பில் சீடி போட இடமில்லை. கடையில் கொடுத்து பென்டிரைவில் எடுத்தேன். இருபதுக்கு மேற்பட்ட ஃபைல்கள். திறந்தால் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது, ஒரு சொல்லும் விளங்கவில்லை. கடைக்காரத் தம்பி, “வைரஸ் அடிச்சிட்டுது ரீச்சர், லப்ரொப்பை ஃபோர்மற் பண்ணித் தாறன், உதெல்லாம் திரும்ப ரைப் பண்ணத்தான் வேணும்” என்கிறார். பார்த்து ரைப் பண்ண எங்களிடம் கடதாசிப் பிரதி இல்லை.

ரொறன்ரோவில் இருக்கும் பெறாமகன், கடையை விட்டுவிட்டு ஒரு கணினிப் பாவனையாளர் குழுவில் கேட்கச் சொல்கிறான். அப்படி ஒன்றை நான் எங்கே தேட? எனக்கு இங்கிலீஷில் எழுதிக் கேட்க வராது. என் வயதில் போய்க் கேட்டால் பொடியள் சிரிக்க மாட்டார்களா? காசு கொடுக்க வேண்டுமா?

— ஒரு வாசகி, காங்கேசன்துறை

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

முதலில் மனதை ஆற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த ஃபைல்கள் பழுதாகவில்லை. வைரஸும் இல்லை. இதை நீங்களே இப்போது சோதித்துப் பார்க்கலாம். கூட்டக் குறிப்பு உள்ள ஒரு ஃபைலைத் திறந்து, ஊரின் பெயர் வரக்கூடிய முதலாவது வரியைப் பாருங்கள். எஃப், எச், கியூ, அரைப்புள்ளி, பிறகு ஒரு பெரிய என், திரும்ப ஒரு எஃப் என்று ஒரு சொல் தொடங்குகிறதா? அதுதான் ‘காங்கேசன்துறை’. பாமினி எழுத்துருவில் எஃப் என்பது க, எச் என்பது கால், கியூ என்பது ங, அரைப்புள்ளி என்பது மேலே வைக்கும் குற்று. உங்கள் ஊரின் பெயர் அங்கே ஓர் எழுத்தும் குறையாமல் இருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். இலங்கையில் 1990களிலும் 2000களின் முதற் பாதியிலும் தமிழில் ரைப் பண்ணிய அநேகம் பேர் பாமினியைத்தான் பாவித்தார்கள். அந்த முறையில் ஃபைலுக்குள்ளே சேமிக்கப்படுவது தமிழ் அல்ல, இங்கிலீஷ் எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்கு மேல் தமிழ் வடிவத்தைப் பூசிக் காட்டும். கூத்துக்காரர் வேடத்தைக் கழற்றினால் மேடையில் வேறு ஆளாகத் தெரிவதுபோல, பாமினி இல்லாத கணினியில் அதே ஃபைல் இங்கிலீஷாகத் தெரிகிறது. இன்று உங்கள் கைத்தொலைபேசியிலும் வட்ஸ்அப்பிலும் தமிழ் நேராகத் தெரிவதற்குக் காரணம் யூனிகோட். 1991 இல் வந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட தனித் தொகுதி இருந்தது. அதில் க என்றால் எந்தக் கணினியிலும் க-தான். ஆனால் அது எங்கள் ஊர்க் கடைகளின் மேசைக்கு வந்துசேரக் கனகாலம் எடுத்தது. அந்த இடைக்காலத்தில்தான் இடம்பெயர்ந்தவர்களின் பட்டியல்கள், கோயில் கணக்குகள், பாடசாலை மலர்கள், சங்கங்களின் கடிதங்கள் எல்லாம் ரைப் பண்ணப்பட்டன. ஆகவே இந்தச் சிக்கல் உங்கள் நிலையத்துக்கு மட்டும் உரியதல்ல. வலிகாமம் வடக்கில் எத்தனையோ அலுமாரிகளில் இப்படிச் சீடிகள் இருக்கும் என்பது என் எண்ணம். அவை ஒவ்வொன்றும் ‘வைரஸ்’ என்று சொல்லி எறியப்படுவதற்கு முன் யாராவது பார்க்க வேண்டும் என்பதால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கடைக்காரத் தம்பியில் கோபிக்க வேண்டாம். இருபது வயதுப் பிள்ளை பாமினியைக் கண்டிருக்கவே மாட்டார். பிறந்ததிலிருந்து அவர் பார்த்தது யூனிகோட். ஆனால் ஃபோர்மற் பண்ண மட்டும் விடாதீர்கள். எவரிடமும் எதையும் கேட்பதற்கு முன்பு அந்த பென்டிரைவில் உள்ளதை அப்படியே இன்னும் இரண்டு இடங்களில் கொப்பி பண்ணி வையுங்கள். ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். சீடியையும் வெயில் படாமல் உறையில் வைத்திருங்கள். வீட்டில் எழுதிய சீடிகள் நாள்பட வாசிக்க முடியாமல் போவதுண்டு, உங்களுடையது வாசிக்கக்கூடியதாக இருந்தது பெரிய அதிர்ஷ்டம். இனிச் செய்யும் எல்லா வேலையும் கொப்பியில்தான். மூலத்தில் ஒருவரும் கைவைக்கக் கூடாது.

இனிப் பாவனையாளர் குழுவுக்கு வருகிறேன்.

கணினியை விற்றவரிடமும் திருத்துபவரிடமும் மட்டும் தங்கியிராமல், பாவிப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கும் இடங்கள்தான் இந்தக் குழுக்கள். கணினி ஒரு அறை அளவில் இருந்த காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. 1955 இல் ஐபிஎம் 704 என்ற பெருங்கணினியை வாங்கிய அமெரிக்க நிறுவனங்கள், ஒரே வேலையை ஒவ்வொருவரும் தனித்தனியே செய்து மாயாமல் நிரல்களைப் பகிர்ந்துகொள்ள ‘ஷெயார்’ என்ற பெயரில் ஒன்றுகூடின. 1975 மார்ச்சில் கலிபோர்னியாவில் ஒருவருடைய வீட்டுக் கராஜுக்குள் ‘ஹோம்புரூ கணினிக் கழகம்’ முதன்முறை கூடியது. அப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வொஸ்னியாக் அப்பிளின் முதல் கணினியை அந்தக் கழகத்தினருக்குத்தான் காட்டினார். 1977 இல் பொஸ்ரன் கணினிச் சங்கத்தைத் தொடங்கிய ஜொனதன் ரொற்றன்பேர்க்குக்கு அப்போது வயது 13. வயதைப் பற்றிக் கேட்டீர்களே ரீச்சர், இந்தக் குழுக்களில் வயது ஒருநாளும் கணக்கில் வந்ததில்லை. அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் வளர்ந்த ஆட்கள் வந்து கேட்டார்கள்.

தமிழ்நாட்டில் இதன் தொடர்ச்சி லினக்ஸ் பாவனையாளர் குழுக்களாக வளர்ந்தது. லினக்ஸ் என்பது எவரும் காசில்லாமல் பாவிக்கவும் திறந்து பார்க்கவும் மாற்றவும் கூடிய இயங்குதளம். அதற்கு விற்பனையாளர் என்று ஒருவர் இல்லாததால், உதவி என்றால் பாவிப்பவர்கள்தான். சென்னைக் குழு 1998 இல் தொடங்கியது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கூடுவது அவர்களுடைய வழக்கம். விழுப்புரத்தில் ஒரு குழு கிராமத்து மாணவர்களுக்கு வகுப்புகள் வைக்கிறது. உங்களுக்கு நான் முதலில் சொல்வது காஞ்சிபுரம் லினக்ஸ் பாவனையாளர் குழுவை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இணையவழியில் கூடிக் கதைக்கிறார்கள், தமிழில் கதைக்கிறார்கள். இந்தியாவுக்கும் எங்களுக்கும் மணிக்கூடு ஒன்றுதான் என்பதால் நேரக் குழப்பமும் இல்லை. 2012 தையிலிருந்து தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவரும் ‘கணியம்’ இதழைச் சேர்ந்தவர்களையும் அதே வட்டத்தில் சந்திக்கலாம். லினக்ஸ் குழுவிடம் விண்டோஸ் ஃபைலைக் கொண்டுபோகலாமா என்று தயங்க வேண்டாம். தமிழ் எழுத்துருச் சிக்கல் என்றால் அவர்களுக்குப் பசியோடு இருப்பவனுக்குச் சோறு போட்டமாதிரி.

பக்கத்தில் என்றால் யாழ்ப்பாணம்தான். 2015 தையில் காங்கேசன்துறை வரைக்கும் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியதால் பட்டணம் போய்வருவது உங்களுக்குச் சிரமமான காரியமல்ல. ‘யாழ் ஐரி ஹப்’ என்பது தொழில்நுட்பத்தில் ஆர்வமுள்ள இளையோரைக் கூட்டிச் சேர்க்கும் அமைப்பு. கணினி திருத்தும் இடமல்ல, அதைக் குறையாக எடுக்கக்கூடாது. ஆனால் அங்கே வந்துபோகிற பிள்ளைகளில் உங்கள் ஃபைலைப் பார்த்துக் கண் விரிக்கும் ஒருவரைக் கண்டுபிடிப்பது சுலபம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறை மாணவர்களும் அப்படித்தான். இன்னொரு வாசலும் உண்டு. 2005 தொடக்கம் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்திப் பேணிவருகிற நூலக நிறுவனம். அவர்கள் கணினிக் குழு அல்ல, ஆவணக்காரர். உங்களிடம் இருப்பது ஒரு ஊரின் ஆவணம். பழைய ஃபைல்களை எப்படிப் பெயரிட்டு அடுக்கிப் பேணுவது என்று அவர்களிடம் கேளுங்கள். குடும்ப விபரங்களை விட்டு, கூட்டக் குறிப்புகளை மட்டும் பொதுவில் வைக்கலாமா என்பதை நிலையத்துக் கூட்டத்தில் பிறகு முடிவெடுக்கலாம்.

எங்கே போனாலும், எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கப் போகிறேன். நீங்கள் ஆசிரியையாக இருந்தவர், பொறுத்துக்கொள்வீர்கள். “என்ரை கொம்பியூட்டர் வேலை செய்யேல்லை, ஒருக்கால் உதவி செய்யுங்கோ” என்று ஒருவர் எழுதினால், பதில் சொல்ல விரும்புகிறவருக்குக்கூட எங்கே தொடங்குவது என்று தெரியாது. அவர் பத்துக் கேள்வி திருப்பிக் கேட்க வேண்டும். பகல் முழுக்க வேலை செய்து களைத்து இரவில் குழுவுக்கு வரும் ஒருவரிடம் அந்தப் பொறுமை எப்போதும் இராது. பேசாமல் கடந்துபோவார். அது அலட்சியமல்ல, பிடிமானம் கிடைக்கவில்லை என்பதுதான்.

பிடிமானம் என்பது இப்படி இருக்கும். நீங்களே எழுதுவதுபோல ஒரு மாதிரி தருகிறேன்:

“வணக்கம். விண்டோஸ் 11 உள்ள லப்ரொப்பில் வேர்ட் பாவிக்கிறேன். 2005 அளவில் ரைப் பண்ணிய இருபதுக்கு மேற்பட்ட தமிழ் வேர்ட் ஃபைல்கள் ஒரு சீடியில் இருந்து கிடைத்தன. திறந்தால் இங்கிலீஷ் எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தெரிகின்றன. எழுத்தின் மேல் கேசரை வைத்தால் எழுத்துருப் பெட்டியில் பாமினி என்று காட்டுகிறது. பாமினி என் கணினியில் இல்லை. அசலை வேறாகக் கொப்பி பண்ணி வைத்துள்ளேன். ஒரு பக்கத்தின் படமும், பெயர்கள் நீக்கிய ஒரு மாதிரி ஃபைலும் இணைத்துள்ளேன். இவற்றை யூனிகோட் தமிழாக மாற்ற வேண்டும். பட்டியல்களுக்கு இடையில் அடையாள அட்டை இலக்கங்களும் சில இங்கிலீஷ் சொற்களும் வருகின்றன. அவை கெடாமல் மாற்றுவது எப்படி?”

இதில் ஒரு சொல் இங்கிலீஷ் வேண்டுமா, பாருங்கள். என்ன கணினி, என்ன செய்தீர்கள், என்ன நடந்தது, என்ன நடக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள், ஏற்கனவே எதைப் பார்த்துவிட்டீர்கள் எல்லாம் இருக்கிறது. குறிப்பாக எழுத்துருவின் பெயர். வேர்டில் அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும், மேலே உள்ள சிறு பெட்டி அதன் பெயரைக் காட்டும். அந்த ஒரு பெயர்தான் முழுச் சிக்கலின் திறப்பு. வேறு பெயர் காட்டினால் அதையே எழுத்துக்கூட்டி அனுப்புங்கள். இங்கிலீஷ் எழுத்துக்குப் பதிலாக, தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிகிற ஃபைல் ஏதும் இருந்தால் அதைத் தனியே சொல்லுங்கள். அது திஸ்கி போன்ற இன்னொரு முறையில் எழுதியதாக இருக்கலாம், மாற்றும் வழி வேறு.

படம் அனுப்பும்போது கைத்தொலைபேசியால் ஸ்கிறீனின் ஒரு மூலையை மட்டும் எடுக்காதீர்கள். மேலே உள்ள பட்டியும் சேர்ந்து முழுத் திரையும் தெளிவாகத் தெரிய வேண்டும். நீளமான குரற்பதிவும் வேண்டாம். எழுத்தில் இருந்தால் பத்துப் பேர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள், நாளைக்கு இதே சிக்கலோடு வருகிற இன்னொருவரும் தேடிக் கண்டுபிடிப்பார்.

மாதிரி ஃபைலில் பெயர்களை நீக்கச் சொன்னதைக் கட்டாயம் கவனியுங்கள். குடும்பங்களின் அடையாள அட்டை இலக்கமும் காணி உறுதி இலக்கமும் எல்லையும் ஒரே இடத்தில் இருக்கிற பட்டியல் அது. காணி எப்படிப்பட்ட விடயம் என்று காங்கேசன்துறைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. முழுப் பட்டியலை ஒரு குழுவிலும் போடக் கூடாது. இணையத்தில் இருக்கும் மாற்றிகளுக்குள்ளும் அப்படியே கொட்டக் கூடாது. அதேபோல, “நான் இஞ்ச இருந்தே உங்கட கணினியைத் திறந்து செய்து தாறன்” என்று அறிமுகமில்லாத ஒருவர் கேட்டால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். நல்ல குழுவில் அதை யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். முழு வேலையும் உங்கள் நிலையத்தில், உங்கள் மேசையில், உங்கள் கண்முன் நடக்கட்டும்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்பதையும் சொல்கிறேன், குழுவில் சொல்வது உங்களுக்கு உடனே விளங்குவதற்காக. முதலில் பாமினி எழுத்துருவை நிறுவுவார்கள். அந்த நொடியிலேயே ஃபைல்கள் எல்லாம் தமிழாகத் தெரியும். உங்களுக்கு அழுகை வந்தாலும் வரும். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அது இன்னும் வேடம்தான். கைத்தொலைபேசிக்கு அனுப்பினால் திரும்ப இங்கிலீஷாகிவிடும், ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது, அகரவரிசைப்படி அடுக்கவும் முடியாது. எழுத்துரு வேலை செய்யும் அந்த நிலையில் ஒவ்வொரு ஃபைலையும் பிடிஎஃப் ஆகச் சேமித்து அச்சும் எடுத்துவிடுங்கள். அது உங்கள் சாட்சிப் பிரதி. அதற்குப் பிறகு யூனிகோட்டுக்கு மாற்றலாம். அதற்கு மாற்றிகள் உண்டு. புலம்பெயர்ந்த ஈழத்தவரான சுரதா யாழ்வாணன் செய்த ‘பொங்குதமிழ்’ மாற்றியைக் கனபேர் அறிவார்கள். சென்னை நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் இலவசமாகத் தந்த என்எச்எம் மாற்றி கணினியிலேயே நிறுவிப் பாவிக்கக்கூடியது. இணையத்துக்கு அனுப்பாமல் வேலை முடிக்க வேண்டிய உங்களுக்கு இந்த வகைதான் தேவை என்று குழுவில் அழுத்திச் சொல்லுங்கள்.

மாற்றிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற இங்கிலீஷ் எழுத்தும் கொண்டது என்பது உங்களுக்குத் தெரியும். 2016 இல் பன்னிரண்டு இலக்க முறை வருமுன் எல்லோருக்கும் அப்படித்தான். உங்கள் பட்டியல் 2005 அளவில் செய்தது, ஆகவே முழுக்க அந்த வகையாகத்தான் இருக்கும். பாமினியில் பெரிய வி என்பது ஏ. பெரிய எக்ஸ் என்பது ஓ. முழுப் பக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ஒவ்வொருவருடைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியிலும் ஒரு ஏ அல்லது ஓ வந்து நிற்கும். காற்புள்ளி இன்னும் மோசம். அந்த விசையில் பாமினி வைத்திருப்பது இ. மாற்றிய பக்கத்தில் பெயர்களுக்கு இடையில் எல்லாம் சம்பந்தமில்லாமல் ஒரு இ ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் இதை நீங்களே கண்டு, என்ன எழுத்துப்பிழை இது என்று யோசித்திருப்பீர்கள். நல்ல உதவியாளர் பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் தெரிந்து மாற்றி, இங்கிலீஷ் எழுத்துருவில் உள்ளவற்றை அப்படியே விடும் வழியைக் காட்டுவார். ஆனாலும் ரைப் பண்ணியவர் அவசரத்தில் இடையிடையே எழுத்துருவை மாற்றாமல் விட்டிருந்தால் எந்த மென்பொருளும் அதைக் கண்டுபிடிக்காது. அரை, கால் என்ற பின்னக் குறிகளையும் நம்பிவிடாதீர்கள். அரைப் பரப்புக் காணி ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் கணினி தெரிந்தவர் நின்றுவிடுவார். சென்னையிலோ ரொறன்ரோவிலோ இருக்கிற எவ்வளவு கெட்டிக்காரருக்கும் உங்கள் ஊரின் ஒரு காணிப் பெயர் ‘கலட்டி’யில் முடிகிறதா ‘வளவு’ என்று முடிகிறதா என்று தெரியாது. கிழக்கெல்லையில் இருந்தவர் கந்தையாவா கந்தசாமியா என்று தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் உங்கள் நிலையத்தின் வாசிகசாலையில் காலையில் பேப்பர் பார்க்க வருகிற வயதானவர்கள். சாட்சிப் பிரதியை ஒருவர் உரத்து வாசிக்க, மாற்றிய பிரதியை இன்னொருவர் பார்த்துக்கொண்டுபோக வேண்டும். இருபது ஃபைல் என்றால் சில கிழமைப் பின்னேரங்கள் ஆகும். அவசரப்பட வேண்டாம். ஆனால் 1990 இல் பெரியவர்களாக இருந்தவர்கள் இன்னும் எங்களோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டும். இதை ஒத்திவைக்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

அதனால் உங்களுக்கு ஒரு யோசனை. குழுவைத் தேடிப் போகிற நீங்களே ஊரில் ஒன்றைத் தொடங்கலாம். உங்களிடம் கட்டடம் இருக்கிறது, மேசை கதிரை இருக்கிறது, கூட்டம் நடத்தவும் குறிப்பெழுதவும் தெரிந்த செயலாளர் இருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் போதும். நான் மேலே சொன்ன ஹோம்புரூ கழகத்தில் லீ ஃபெல்சென்ஸ்ரைன் என்பவர் கூட்டத்தை நடத்திய முறை ஒன்று உண்டு. முதலில் ஒவ்வொருவரும் இருந்த இடத்தில் எழும்பி, தன்னிடம் என்ன இருக்கிறது, தனக்கு என்ன தேவை என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பிறகு கூட்டத்தைக் கலைத்துவிட்டு, தேவைப்பட்டவர் இருப்பவரைத் தேடிப் போய்ப் பக்கத்தில் இருந்துவிட வேண்டும். பேச்சாளர், பொன்னாடை, நன்றியுரை ஒன்றும் தேவையில்லை. காங்கேசன்துறையில் இதைச் செய்து பாருங்கள். ஒருவரிடம் வெளியே பொருத்தும் சீடி டிரைவ் இருக்கும். இன்னொருவருக்குத் தொலைபேசியில் தமிழ் அடிக்கத் தெரிய வேண்டும். உயர்தரம் எடுத்துவிட்டுப் பெறுபேறு பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை எழுத்துரு நிறுவிக் கொடுக்கும், அந்தப் பிள்ளைக்கு விண்ணப்பக் கடிதம் எழுத உங்களைப் போன்ற ஒரு ரீச்சர் தேவைப்படும். உங்களைப் பார்த்துச் சிரிப்பார்களா என்று கேட்டீர்கள். ஒன்றும் தராமல் எடுத்துக்கொண்டு போகிறவரைத்தான் குழுக்கள் முகம் சுளித்துப் பார்க்கும். உங்களிடம் கொடுக்க நிறைய இருக்கிறது. அந்தக் கடைக்காரத் தம்பியையும் கூப்பிடுங்கள். பாமினியை ஒருமுறை விளங்கிக்கொண்டால், அடுத்த சீடியைக் கொண்டுவருகிற ஆளிடம் அவர் வேறு பதில் சொல்வார்.

குழு ஒன்றில் உதவி கிடைத்த பிறகு செய்ய வேண்டிய ஒரு காரியத்தை அநேகம் பேர் மறந்துவிடுகிறார்கள். எது சரிவந்தது என்று திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். “நீங்கள் சொன்னபடி செய்தேன், இருபதில் பதினெட்டு மாறிவிட்டன, மற்ற இரண்டிலும் அட்டவணை குலைந்துவிட்டது” என்று எழுதினால், முதலில் பதில் சொன்னவர் அந்த இரண்டுக்காகவும் உட்காருவார். ஒன்றும் சொல்லாமல் போனால், அவருடைய வழி சரியா பிழையா என்றே அவருக்குத் தெரியாது, அடுத்தவருக்கும் அரைகுறையாகத்தான் சொல்லுவார்.

காசைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குழுவில் கேட்கும் ஆலோசனைக்குக் காசு இல்லை, யாராவது கேட்டால் அது பாவனையாளர் குழு அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பிள்ளை உங்கள் நிலையத்துக்கு வந்தால் போக்குவரத்துச் செலவைக் கொடுங்கள், பின்னேரம் தேத்தண்ணியும் கடிக்க ஏதாவதும் வையுங்கள். ஆனால் பல நாள் இருந்து நூற்றுக்கணக்கான பக்கங்களை அட்டவணை குலையாமல் மாற்றித் தருகிற ஒருவருக்கு, நிலையத்தின் கணக்கிலிருந்து நியாயமான கூலியைத் தீர்மானம் எடுத்துக் கொடுங்கள். அதைத் தயவு என்று பெயர்சொல்லி வாங்கக் கூடாது. கூட்டக் குறிப்பில் அந்தத் தொகையையும், எந்த ஃபைல்கள், எந்தத் திகதியில், எந்த மாற்றியால் மாற்றப்பட்டன என்பதையும் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பை யூனிகோட்டிலேயே எழுதுங்கள்.